காலிக் கட்டமும் சைபரும்

மலர்க் குழுவினர் போன் செய்து, "நம்ம பழைய மாணவர் ஒருத்தர் மருத்துவத்தையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து ஏதோ டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாராமே, அதைப் பத்தி நாலு பக்கம் எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் வினையே ஆரம்பித்தது. ஏனென்றால் நான் என்ன படிக்கிறேன் என்பதை எங்கள் ஊர் மம்சாபுரத்தில் இன்றுவரை ஒருவருக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால், "டாக்டருக்குப் படிக்கிறவரு வந்துட்டாரு, இந்த முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை போடலாம்னு சொல்லுப்பா" என்பார் ஒருவர். அடுத்தவர், "அட, அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன்யா" என்பார். இரண்டும் இல்லை என்று நான் சொல்வதற்குள் பேச்சு தேங்காய் விலைக்குப் போய்விடும்.

நான் படிப்பது சுகாதாரத் தகவலியல். நோய், பிறப்பு, இறப்பு, தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை என்று மனித உடம்பைப் பற்றி எங்கெங்கோ யார் யாரோ எழுதி வைப்பவை எப்படிச் சேர்கின்றன, எப்படித் தொலைகின்றன, யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைப் படிக்கும் படிப்பு. அதில் என் ஆராய்ச்சி ஒரு சின்ன விஷயத்தைப் பற்றியது. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பதற்கும், அதில் சைபர் போட்டிருப்பதற்கும் என்ன வித்தியாசம்? இதற்கு டாக்டர் பட்டமா என்று சிரிக்கத் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

என் பின்னணியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா ராஜபாளையத்தில் நூல் மில் தொழிலாளி. மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போவார். மில்லில் அவர் பெயரைவிட அவருடைய டோக்கன் நம்பர்தான் பிரசித்தம். நானும் அரசு பள்ளிக்கூடம், தமிழ் மீடியம் என்று வந்து, 2004-ல் நம் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தேன். டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். மேற்கே மலை மேல் மேகம் இறங்கியிருந்தால் அன்றைக்கு முதல் பீரியடுக்கு யாரும் வரமாட்டோம்.

கம்ப்யூட்டர் லேபில் ஒரு மிஷினுக்கு மூன்று பேர். எங்களுக்கு சி லாங்குவேஜ் எடுத்த சார் ஒருவர் இருந்தார். பெயரைச் சொல்ல வேண்டாம், அந்தக் கால மாணவர்களுக்குத் தெரியும். அவர் ஒரு தடவை என் புரோகிராமைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இந்த டப்பாவுல ஒண்ணும் போடலைன்னா உள்ள சைபர் இருக்கும்னு உனக்கு யார் சொன்னா? ஒண்ணும் போடலைன்னா உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. தெரியாததும் சைபரும் ஒண்ணா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு மறந்தேன்.

2007-ல் பட்டம். அஞ்சல் வழியில் எம்.சி.ஏ. சேர்ந்துகொண்டு வேலை தேடினேன். 2009-ல் வேறொரு மாவட்டத்தில், சுகாதாரத் துறையின் ஒரு வட்டார அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். அதற்கு முந்தைய ஆண்டு 2008-ல்தான் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின்கீழ் இந்தியா முழுவதற்கும் இணையவழி சுகாதாரத் தகவல் முறை தொடங்கியிருந்தது. அதுவரை நர்சம்மாக்கள் கையால் எழுதிக் கூட்டி, வட்டாரத்துக்கு வந்து, அங்கே இன்னொரு முறை கூட்டி, மாவட்டத்துக்குப் போன கணக்கெல்லாம் இனிமேல் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். ஏற்றுகிறவன் நான்.

ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலிருந்தும் மாதம் ஒரு படிவம் வரும். கர்ப்பிணிகள் எத்தனை பேர், பிரசவம் எத்தனை, தடுப்பூசி எத்தனை, சிசு மரணம் எத்தனை என்று நூற்றுக்கு மேல் கட்டங்கள். நான் உட்கார்ந்திருந்த மிஷினில் ஏதாவது கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் ஏறாது. தேதியோ நெருங்கிக்கொண்டிருக்கும். மேலிருந்து, "இன்னும் முடியலையா?" என்று போன் வரும். நான் என்ன செய்தேன் என்றால், காலியாக இருந்த இடத்திலெல்லாம் சைபரைத் தட்டினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. யாரும் வேண்டாம் என்று தடுக்கவுமில்லை. படிவம் ஏறியது. எனக்கு வேகமான ஆபரேட்டர் என்று நல்ல பெயர் கிடைத்தது.

சில மாதங்கள் கழித்து ஆய்வுக் கூட்டம். ஒரு துணை நிலையத்தில் சிசு மரணமே இல்லை என்று வாசித்து, அந்த நர்சம்மாவை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டச் சொன்னார்கள். அவர் எழுந்தார். கை தட்டி முடிகிற வரைக்கும் பேசாமல் நின்றார். பிறகு, "சார், அதுல ரெண்டு மாசம் நான் பிரசவ லீவுல இருந்தேன். பொறுப்புக்கு யாரையும் போடலை. திரும்பி வந்து வீடு வீடா போனப்ப, பிறந்த குழந்தைங்கள்ல ரெண்டு இல்ல. நான் அந்த மாசத்துக்கு ஒண்ணுமே எழுதித் தரலையே, எப்படி சார் சைபர் வந்துச்சு?" என்றார்.

எப்படி வந்தது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கூட்டம் முடிந்து அவர் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "தம்பி, நாளைக்கு லீவு போட முடியுமா? அந்த ரெண்டு வீட்டுக்கும் என்கூட வாங்க" என்றார். போனேன். முதல் வீட்டில் உத்தரத்தில் தொட்டில் கட்டிய கயிறு அவிழ்க்கப்படாமல் அப்படியே தொங்கியது. அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நான் யார் என்று நர்சக்கா சொல்லவில்லை, ஆபீஸ்ல இருந்து வந்திருக்காரு என்று மட்டும் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். இரண்டாவது வீட்டுக்கு நான் போகவில்லை. ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். கணக்கைத் திருத்தலாம் என்று மறுநாள் உட்கார்ந்தால், அந்த மாதம் பூட்டப்பட்டுவிட்டது என்று மிஷின் சொல்லியது. எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை. அந்தச் சைபர்கள் இன்றைக்கும் எங்கோ ஒரு கூட்டுத்தொகையில் இருக்கின்றன. கல்லூரி லேபில் சார் கேட்ட கேள்வி அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு, இந்தக் கணக்கு நம் ஊருக்கு எப்படித்தான் வந்தது என்று பழையதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது பெரிய கதை. சுருக்கிச் சொல்கிறேன்.

மதராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்பைக் கிராமத்தில் எழுதி வைத்தது ஊர் முன்சீப். செத்த செய்தியைக் கொண்டுவந்து சொல்வது தலையாரியோ வெட்டியானோ. ஆக, மாகாணத்தின் சாவுக் கணக்கு முழுவதும், படிக்கத் தெரியாத ஒருவர் சொல்லி, மருத்துவம் தெரியாத ஒருவர் எழுதியது. 1870களில் மாகாண சுகாதார கமிஷனராக இருந்தவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். 1871 குடிக்கணக்கின் அறிக்கையை எழுதியவரும் அவரே. 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் வந்தபோது, நிவாரண வேலைக்குக் கொடுத்த கூலி வயிற்றுக்குப் போதாது என்று ரிச்சர்ட் டெம்பிளோடு வாதாடியவர் இந்த கார்னிஷ்தான். அவருடைய ஆயுதம் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கே ஓட்டையாக இருந்தது. பஞ்சத்தில் ஜனங்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். வழியில் விழுந்தவர்களை எந்த ஊர் முன்சீப் எழுதுவார்? தங்கள் ஊர்க்காரர் இல்லை என்று இந்த ஊரும், இங்கே சாகவில்லை என்று சொந்த ஊரும் விட்டுவிடும். 1871-ல் சுமார் 3 கோடியே 12 லட்சமாக இருந்த மாகாண ஜனத்தொகை, 1881-ல் சுமார் 3 கோடியே 8 லட்சமாகக் குறைந்திருந்தது. பத்து வருஷத்தில் பெருகியிருக்க வேண்டிய ஜனம் சுருங்கியிருந்தது. காலிக் கட்டங்களில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அந்தக் கழித்தலை வைத்துத்தான் ஊகிக்க முடிந்தது.

நம் பக்கத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா 1910 வரை திருநெல்வேலி ஜில்லா. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா அமைந்தபோது அதில் சேர்ந்தது. 1985-ல் பிரிந்து காமராஜர் மாவட்டம், 1997-க்குப் பிறகு விருதுநகர் மாவட்டம். ஊர் அசையவில்லை, மலை அசையவில்லை, ஆண்டாள் கோயில் கோபுரம் அசையவில்லை. பேப்பர் மட்டும் திருநெல்வேலிக்கும் ராமநாதபுரத்துக்கும் விருதுநகருக்குமாக அலைந்தது. ஒரே ஊரின் நூறு வருஷக் கணக்கைக் கோர்க்க வேண்டுமானால் நாலு பெயரில் தேட வேண்டும். கம்ப்யூட்டர்காரர்களிடம் இதைச் சொன்னால், "எல்லாருக்கும் ஒரு நம்பர் கொடுத்துட்டா போச்சு" என்பார்கள். அப்பாவுடைய டோக்கன் நம்பர் மாதிரி. நம்பர் நல்லதுதான். ஆனால் நம்பர் கொடுக்க ஒரு ஆள் வீட்டு வாசலுக்கு வர வேண்டுமே.

சுதந்திரத்துக்குப் பிறகு 1969-ல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது, 1970-ல் நடைமுறைக்கு வந்தது. 1980-ல் தமிழ்நாட்டில் முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் இன்றைய மாணவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறொன்று. பதிவில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்பதை, அவர்களைப் பார்க்காமலேயே கணக்கிட ஒரு வழி இருக்கிறது. அதைச் சொன்னவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர்.

1949-ல் சி. சந்திரசேகரன் என்ற இந்தியப் புள்ளியியலாளரும், எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டெமிங் என்றால் பின்னாளில் ஜப்பான் தொழிற்சாலைகளுக்குத் தரக்கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்தவர், அவரேதான். கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் எடுத்த கணக்கை வைத்து எழுதினார்கள். வழி இதுதான்: ஒரே ஊரில் பிறப்பு இறப்புகளை இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல், தனித்தனியாக எழுதட்டும். பிறகு இரண்டு பட்டியலையும் ஒத்துப் பாருங்கள்.

எங்கள் ஊர்க் கண்மாய் கணக்கில் சொன்னால் எளிது. கண்மாயில் மொத்தம் எத்தனை மீன்? இன்றைக்கு வலை போட்டு 50 மீன் பிடிக்கிறீர்கள், செதிலில் அடையாளம் வைத்துத் திரும்ப விட்டுவிடுகிறீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி வலை. 40 மீன் விழுகிறது, அதில் 10 மீனில் அடையாளம் இருக்கிறது. பிடித்ததில் நாலில் ஒரு பங்கு பழைய மீன் என்றால், முன்பு பிடித்த 50-ம் கண்மாயில் நாலில் ஒரு பங்காகத்தான் இருக்க வேண்டும். மொத்தம் 200. அதே மாதிரி, ஒரு பட்டியலில் 80 பிறப்பு, இன்னொன்றில் 75, இரண்டிலும் இருப்பது 60 என்றால், 80-ஐ 75-ஆல் பெருக்கி 60-ஆல் வகுங்கள். 100 வரும். இரண்டு பட்டியலையும் சேர்த்தால் கிடைப்பது 95 பேர். மீதி 5 பேரை யாருமே பார்க்கவில்லை. ஆனால் இருக்கிறார்கள்.

இந்த யோசனையின் வழியில்தான், 1960களின் கடைசியில் மாதிரிப் பதிவு முறை இந்தியாவில் வேரூன்றியது. ஒருவர் தொடர்ந்து எழுதுவார், இன்னொருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து தனியாக விசாரிப்பார். ஒத்துப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் மறுபடி வீட்டுக்குப் போவார்கள். 1971-ல் இந்தியாவில் 1000 குழந்தைகள் பிறந்தால் 129 குழந்தைகள் முதல் வயதுக்குள் இறந்தன என்றும், 2020-ல் அது 28 ஆகக் குறைந்தது, தமிழ்நாட்டில் 13 என்றும் நாம் சொல்லிக்கொள்கிறோமே, அந்த எண்களெல்லாம் இந்த முறையில் வந்தவை.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு பட்டியலும் நிஜமாகவே தனித்தனியாக இருக்க வேண்டும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் எல்லாம் பொருந்தும், விட்டுப்போனவர் யாரும் இல்லை என்று கணக்கு பொய் சொல்லும். அதைவிடப் பெரிய சிக்கல், முதல் ஆள் யாரை விட்டாரோ அவரையேதான் இரண்டாவது ஆளும் விடுகிறார். செங்கல் சூளைக்குப் பிழைக்கப் போன குடும்பம், தாய் வீட்டுக்குப் போய்ப் பெற்றவள், மலையடிவாரத் தோப்பில் காவலுக்கு இருக்கிறவர்கள். ஆழத்தில் கிடக்கிற மீன் எந்த வலையிலும் விழாது.

இது பழங்கதை இல்லை. 2020-ல் கொரோனா முதல் அலையில் சென்னையில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். மாநகராட்சியின் இறப்புப் பதிவேடு ஒன்று சொன்னது, தினசரி அரசு அறிக்கை இன்னொன்று சொன்னது. ஒரு குழு அமைத்து இரண்டையும் ஒத்துப் பார்த்தார்கள். ஜூலை 22 அன்று, விட்டுப்போன 444 மரணங்களைச் சேர்த்து அரசே அறிவித்தது. அன்றைக்கு அதை வைத்து அரசியல் நடந்தது, நடக்கட்டும். என்னைப் பொறுத்தவரை, தவறிய கணக்கை ஒப்புக்கொண்டு கூட்டியது பெரிய காரியம். அப்போது நான் சென்னையில் இருந்தேன். பூட்டிய மாதத்தைத் திறக்க முடியும் என்பதை முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

நடுவில் என் கதையை விட்டுவிட்டேன். 2012-ல் அந்த வேலையை விட்டு, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் சேர்ந்தேன். கூரை வரைக்கும் பைல். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீடு ஐ.சி.டி. 10 என்று ஒன்று இருப்பதை அங்கேதான் கற்றேன். சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் பைலுக்குப் பைல் 'இதயம் நின்றது' என்று எழுதியிருக்கும். அங்கே முப்பது வருஷம் குப்பை கொட்டிய பெரியவர் ஒருவர், "செத்தவன் எல்லாருக்கும் இதயம் நிக்கத்தான் செய்யும். ஏன் நின்னுச்சுன்னு எழுதச் சொல்லித்தானே தம்பி அந்தக் கோடு போட்டிருக்கு" என்பார். பைலைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக டாக்டர்களிடம் போய்க் கேட்டு வருவார். சில டாக்டர்கள் சிரிப்பார்கள், சிலர் எரிந்து விழுவார்கள். சரியான குறியீட்டை வாங்காமல் அவர் இறங்கியதில்லை. கட்டத்தில் எழுத்து இருந்தும் அது காலியாக இருக்கலாம் என்பதை எனக்குக் காட்டியவர் அவர். 2015-ல் சென்னைக்குப் போய்ப் பொது சுகாதாரத்தில் முதுகலை சேர்ந்தேன். பிறகு சில வருஷம் வேலை, 2021-ல் பிஎச்.டி. பதிவு. வீட்டுக்காரியின் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது என்பதை இங்கே எழுதாவிட்டால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது.

முதுகலை படிக்கும்போது ஒரு நாள் நூலகத்தில் கிடைத்தது, 1998-ல் லான்செட் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய சகாக்களும் எழுதியது. வட ஆற்காடு மாவட்டத்தில் அவர்கள் நடத்திய நோய்க் கண்காணிப்பைப் பற்றியது. வட ஆற்காடு மாவட்ட சுகாதாரத் தகவல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'நதி' என்று வரும். அதையே பெயராக வைத்திருந்தார்கள். கருவி என்ன தெரியுமா? போஸ்ட் கார்டு. முகவரி அச்சடித்த கார்டை அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி என்று பாராமல் கொடுத்துவிடுவார்கள். குறிப்பிட்ட நோய் கண்ட நோயாளி வந்தால் டாக்டர் அதில் குறித்துத் தபாலில் போட வேண்டும். அவ்வளவுதான். கார்டுகள் வந்து சேர்ந்ததும், எந்தப் பக்கத்தில் எந்த நோய் கூடுகிறது என்று பார்த்து ஆள் அனுப்புவார்கள்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது கார்டு இல்லை. கார்டு அனுப்பிய டாக்டர்களுக்கெல்லாம், 'போன மாதம் மாவட்டத்தில் இந்த நோய் இவ்வளவு இருந்தது' என்று ஒரு மாதாந்திர மடல் திரும்பிப் போகும். நாம் எழுதியது எங்கேயோ போய்ச் சேர்ந்தது, யாரோ படித்தார்கள் என்று எழுதியவருக்குத் தெரியும். நான் வேலை பார்த்த வட்டாரத்தில் நர்சக்காக்கள் எழுதிக் கொடுத்த கணக்கு மேலே போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். கீழே வந்தது ஒன்றே ஒன்று: தேதி தாண்டியதற்கு மெமோ. பின்னால் 2004-ல் இந்தியா முழுவதற்கும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. களப்பணியாளருக்கு ஒரு படிவம், டாக்டருக்கு ஒரு படிவம், பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு படிவம். போஸ்ட் கார்டைவிட ஏற்பாடு பெரியது. மடல் திரும்பி வருவதில்தான் எனக்குக் குறை.

சைபருக்கு மரியாதை கொடுத்த திட்டமும் ஒன்று உண்டு, போலியோ. 1997-ல் தொடங்கிய தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டத்தில், திடீரென்று கை கால் விளங்காமல் போன குழந்தை வந்தால் ஆஸ்பத்திரிகள் உடனே சொல்ல வேண்டும். ஒரு குழந்தையும் வராவிட்டாலும் வாராவாரம் 'ஒருவரும் இல்லை' என்று எழுதி அனுப்பியே ஆக வேண்டும். அறிக்கை வராவிட்டால் அதை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். போலியோ இல்லாவிட்டாலும் வேறு காரணங்களால் லட்சம் குழந்தைகளில் ஒரு குழந்தைக்காவது அப்படி வருவது இயற்கை. அதுகூட வரவில்லை என்றால் அந்த மாவட்டம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 2011 ஜனவரி 13-ல் ஹவுராவில் கண்ட குழந்தைதான் கடைசி. 2014 மார்ச்சில் நம் பகுதி போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. சொட்டு மருந்து கொடுத்தவர்களை எல்லாருக்கும் தெரியும். வாராவாரம் சைபர் எழுதியவர்களை யாருக்கும் தெரியாது.

எழுதியது போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் நம் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றிய ரத்தத்தால் எச்.ஐ.வி. தொற்றியது. நாடே பேசியது. அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞர் 2016-லேயே ஒருமுறை தானம் செய்திருந்தார். அப்போதே பரிசோதனையில் தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் செய்தி அவரை எட்டவில்லை. ஒரு காகிதத்தில் இருந்தது இன்னொரு காகிதத்துக்கு வரவில்லை. அதே 2018-ல்தான் விருதுநகரை, முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்றாக மத்திய அரசு தேர்ந்தெடுத்து, சுகாதாரம், கல்வி என்று மாதாமாதம் எண்களை வைத்து வரிசைப்படுத்த ஆரம்பித்திருந்தது. எண் இல்லாத குறை இல்லை. நான் இந்தப் படிப்புக்கு வந்த காரணத்தை யாராவது நேர்காணலில் கேட்டால் நர்சக்காவைச் சொல்வேன், இதையும் சொல்வேன்.

இப்போது என் ஆராய்ச்சி. 1976-ல் டொனால்ட் ரூபின் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர், கட்டங்கள் காலியாவதில் மூன்று வகை உண்டு என்று பிரித்தார். என் பாஷையில் சொல்கிறேன். ஒன்று, மழையில் படிவம் நனைந்து போச்சு, அது யாருக்கும் நேரலாம். இரண்டு, எட்டாத ஊர், ஆள் போடாத துணை நிலையம். காலியானதற்குக் காரணம் வேறு கட்டங்களிலேயே தெரிகிறது, அதை வைத்து ஓரளவு ஈடு கட்டலாம். மூன்றாவதுதான் ஆபத்து: எழுத வேண்டிய எண்ணே எழுதாததற்குக் காரணம். குழந்தை இறந்ததை எழுதினால் விசாரணை வரும் என்ற பயத்தில் விட்ட கட்டம் அது. முதல் வகையையும் மூன்றாவது வகையையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கும்.

மென்பொருள் எழுதுகிறவர்களும் இதில் குளறுபடி செய்கிறார்கள். உலகில் பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் பயன்படுத்துகிற, நார்வேயில் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவாகிற டி.எச்.ஐ.எஸ். 2 என்ற மென்பொருளில், தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் சைபரைச் சேமிக்காது, இடம் மிச்சமாம். நான் காலியைச் சைபராக்கினேன், அது சைபரைக் காலியாக்குகிறது. நான் துணை நிலையங்களின் பழைய மாத அறிக்கைகளை, நர்சக்காக்களின் கையெழுத்து நோட்டுகளோடும் பிறப்பு இறப்புப் பதிவோடும் ஒத்துப் பார்த்து, காலிக் கட்டங்களை வகை பிரிக்கப் பார்க்கிறேன். பாதிக் கிணறு தாண்டியிருக்கிறேன்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இந்தப் பக்கம் வரலாமா என்றால், தாராளமாக வாருங்கள். டாக்டராக இருக்க வேண்டியதில்லை. என்னோடு படிப்பவர்களில் நர்சிங் முடித்தவர் உண்டு, பார்மசி உண்டு, பொருளாதாரம் உண்டு. புரோகிராமிங் மூன்று மாதத்தில் வந்துவிடும். படிவத்தை எழுதுகிறவர் பக்கத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கும் பொறுமை இருக்கிறதா என்று மட்டும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பாட்டி கேட்டாள், "அப்படி என்னதான்டா எழுதுற?" பாட்டிக்கு 87 வயது என்கிறோம். அதுவும் உத்தேசம்தான், அவள் பிறந்ததை யாரும் எழுதவில்லை. கையில் அம்மை குத்திய தழும்பு ஒன்றுதான் அவளைப் பற்றிய பழைய ஆவணம். "பிறந்து செத்த குழந்தைகளை எழுதாம விட்டுடுறாங்க பாட்டி, அதைத் தேடுறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கப்பனுக்கு முன்னாடி எனக்கு ஒரு பொட்டப்புள்ள பொறந்துச்சு. மூணு மாசம் இருந்துச்சு. அதை எழுதியிருப்பாங்களா?" என்றாள். அப்பாவுக்கே தெரியாத செய்தி. 1958 வாக்கில் இருக்கும். பெயர் என்ன என்று கேட்டேன். "பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு" என்றாள். பிறப்புப் பதிவேட்டில் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. பெயர் வைக்காமலே பிறப்பைப் பதியலாம், அந்தக் கட்டத்தைப் பின்னால் நிரப்பிக்கொள்ளலாம் என்று 1969 சட்டமே சொல்கிறது. அந்த வருஷத்துப் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ராமநாதபுரம் பேப்பர் அது.

அதனால் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா முன்சீப்பாகவோ கர்ணமாகவோ இருந்த காலத்து நோட்டு, நர்சாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாவின் வீட்டு விசிட் புத்தகம், மில் டிஸ்பென்சரி ரிஜிஸ்டர், அம்மை குத்திய சீட்டு, எது கிடைத்தாலும் சங்க அலுவலகத்தில் என் பெயருக்குக் கொடுத்து வையுங்கள். படம் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. ஒன்றும் எழுதாத பக்கங்கள் இருந்தால் அவற்றையும் கிழிக்காமல் கொடுங்கள்.